ஏஐ சர்வருக்கு இடம் ஒதுக்கும் முன்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் மில்களுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் மின் இணைப்பு, குளிரூட்டல் வேலைகளைத் திட்டமிட்டுத் தருவது என் தொழில். கொஞ்ச காலமாக ஏஐ சர்வர் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்: மில் முதலாளிகள், ஐடி நிறுவனம் நடத்துபவர்கள், கல்லூரி நிர்வாகிகள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஐக்கான டேட்டா சென்டர் என்பது தண்ணீர், பம்பு, பைப்லைன், ஹெச்.டி. (உயர் அழுத்த) மின்சாரம் எல்லாம் சேர்ந்த ஒரு பிளான்ட். அதை நடத்தும் கைப்பழக்கம் நம் ஊர் மெயின்டனன்ஸ் ஆட்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐடி பிரிவு மட்டும் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசி வாரத்தில் ஃபிட்டரைக் கூப்பிடும் வழக்கத்தை விட்டால் பாதிப் பிரச்சினை வராது.

எங்ககிட்ட ஏற்கெனவே சர்வர் ரூம் இருக்குதுங்க. அதுலயே ஜிபியு சர்வரையும் வெச்சுக்க முடியாதுங்களா?

எந்த ஜிபியு (ஏஐ கணக்கைப் போடும் சிப்) என்பதைப் பொறுத்தது. பின்னலாடைத் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு பார்க்கும் கேமரா வேலைக்கு என்விடியா எல்4 மாதிரி ஒரு கார்டு பெரும்பாலும் போதும். அது இழுப்பது 72 வாட். இப்போது இருக்கும் சர்வரிலேயே செருகிவிடலாம், அறையில் எதையும் மாற்ற வேண்டாம். திருப்பூரில் இருந்து என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு என் பதில் இதுதான்.

எட்டு ஹெச்100 சிப் உள்ள ஒரு பெட்டி என்றால் கதை வேறு. முழு வேகத்தில் அது 10.2 கிலோவாட் இழுக்கும், எடை சுமார் 130 கிலோ. வழக்கமான சர்வர் அறையில் ஒரு முழு ரேக்குக்கே (சர்வர்களை அடுக்கும் அலமாரி) 5 முதல் 8 கிலோவாட் வரைதான் கணக்குப் போட்டிருப்பார்கள். இந்த ஒரு பெட்டியின் சூட்டை எடுக்க மட்டும் ஏறக்குறைய 3 டன் ஏசி வேண்டும். ஒன்று வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது பெட்டி வரும்போது அறையையே மறுபடி திட்டமிட வேண்டும்.

அதற்கும் மேலே, 72 சிப்கள் ஒரே ரேக்கில் உட்காரும் ஜிபி200 என்விஎல்72 வகை இருக்கிறது. ஒரு ரேக்குக்குச் சுமார் 120 கிலோவாட், எடை 1.3 டன்னுக்கு மேல். இதைச் சாதாரண சர்வர் அறையில் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரே ரேக்குல எதுக்குங்க இத்தனையையும் அடைக்கறாங்க? பிரிச்சு வெச்சா சூடு குறையுமில்லீங்களா?

குறையும். ஆனால் அந்த 72 சிப்களும் ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஒன்றின் விடை மற்றதற்குப் போயாக வேண்டும். அந்த வேகத்தில் செம்புக் கம்பி ஓரிரு மீட்டருக்கு மேல் சிக்னலைக் கொண்டுபோகாது. தூரம் கூடினால் ஃபைபருக்கு மாற வேண்டும். அதன் இரு முனையிலும் ஆப்டிக்கல் மாட்யூல் போட வேண்டும், அது தனியாக மின்சாரம் தின்னும், பழுதாகும் பொருள்களின் எண்ணிக்கையும் கூடும். அதனால்தான் 5,000க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்களை ஒரே ரேக்குக்குள் முடித்துவிட்டார்கள்.

பயிற்சி கொடுத்து முடித்த ஏஐ மாடலை ஓட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இந்த நெருக்கடி தேவையில்லை. எட்டு சிப் பெட்டியை ரேக்குக்கு ஒன்றாகப் பரப்பி வையுங்கள். இடத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

பெரிய ஏசியாப் போட்டுட்டா காத்துலயே குளிர வெச்சிரலாமில்லீங்க?

கணக்கைப் பாருங்கள். 100 கிலோவாட் சூட்டைக் காற்றால் எடுக்க வேண்டும், காற்று 12 டிகிரி சூடேறி வெளியே வரலாம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 14,600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றை இரண்டடி அகல ரேக் ஒன்றுக்குள் தள்ள வேண்டும். மில்லில் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய டக்ட், எவ்வளவு பெரிய ஃபேன் என்று தெரியும். அதே 100 கிலோவாட்டைத் தண்ணீர் 10 டிகிரி சூடேறி எடுத்துக்கொண்டு போக, நிமிடத்துக்குச் சுமார் 145 லிட்டர் ஓடினால் போதும். நம்மூர்த் தோட்டத்து மோட்டார் ஒன்று இறைக்கும் அளவுதான்.

நடைமுறையில் ரேக்குக்கு 20 கிலோவாட் வரை காற்று தாங்கும். சூடான பக்கத்தையும் குளிர்ந்த பக்கத்தையும் தட்டி வைத்துச் சுத்தமாகப் பிரித்தால் 30 வரை இழுக்கலாம். ரேக்கின் பின்கதவிலேயே தண்ணீர் ஓடும் காயில் (சுருள் குழாய்) மாட்டினால் இன்னும் கொஞ்சம் ஏறலாம். அதற்கு மேல் சிப்பின் முதுகிலேயே செம்புத் தகடு பொருத்தி, அதற்குள் திரவம் ஓட்டுவதுதான் வழி. இதைக் கோல்டு பிளேட் என்கிறார்கள். அப்படிச் செய்தாலும் ஏறக்குறைய 15 சதவீதச் சூடு அறைக் காற்றில்தான் கலக்கும். 120 கிலோவாட் ரேக்கில் அது 18 கிலோவாட், அதாவது 5 டன் ஏசி. தண்ணீர் போட்டாயிற்று, ஏசியே வேண்டாம் என்று யாராவது கொட்டேஷன் கொடுத்தால் இந்த 18 கிலோவாட் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

கோடிக்கணக்குல பணம் போட்டு வாங்கற சர்வருக்குள்ள தண்ணியை விடறதா? பயமா இருக்குதுங்க.

இந்தப் பயத்துக்கான பதில் அரசூர் பக்கம் ஏதாவது ஒரு ஃபவுண்டரியில் கிடைக்கும். இண்டக்‌ஷன் ஃபர்னஸின் காயிலே உள்ளே தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்தான். பல நூறு கிலோவாட் மின்சாரம் குழாயின் சுவரில், குளிர்ந்த தண்ணீர் உள்ளே, உருகிய இரும்பு பக்கத்தில். பேனலுக்குள் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர்களைக் குளிர்விப்பது டிஎம் வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். அங்கே ஷிஃப்டுக்கு வரும் ஆபரேட்டர் முதலில் பார்ப்பது கண்டக்டிவிட்டி மீட்டரை. முள் மேலே ஏறியிருந்தால் தண்ணீரில் உப்பு கூடிவிட்டது என்று அர்த்தம், உப்பை எடுக்கும் ரெசினை மாற்றாமல் ஃபர்னஸைத் தொட மாட்டார். கரண்ட் போனால் காயில் கருகிவிடாமல் இருக்க மேலே ஒரு அவசரத் தொட்டி, தண்ணீர் தானாக இறங்கும்படி வைத்திருப்பார்கள். ஏஐ ரேக்குக்கு வேண்டியதும் இதே ஒழுங்குதான். அளவு நுணுக்கமானது, அவ்வளவே.

சர்வருக்குள் போகும் திரவமும் வெளியே கூலிங் டவருக்கோ ட்ரை கூலருக்கோ போகும் தண்ணீரும் ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை. நடுவில் சிடியு என்ற பெட்டி நிற்கும். அதில் ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், இரண்டு பம்பு, ஃபில்டர், சென்சார்கள் இருக்கும். உள்சுற்றில் ஓடுவது பெரும்பாலும் 25 சதவீதம் புரோப்பிலின் கிளைக்கால் கலந்த நீர். பாசி பிடிக்காது, துருப்பிடிப்பைத் தடுக்கும் மருந்தும் அதிலேயே இருக்கும்.

தவறு நடக்கும் இடம் பைப் வேலை. கோல்டு பிளேட்டின் உள்ளே திரவம் போகும் இடுக்குகள் தலைமுடி அளவு மெல்லியவை. 25 முதல் 50 மைக்ரான் ஃபில்டர் வைப்பது அதனால்தான். நம் பிளம்பர்கள் மரையில் சணல் நூல் சுற்றி வெள்ளைப் பேஸ்ட் தடவி இறுக்குவார்கள். வீட்டுக்கு அது நல்ல வேலை. இங்கே அந்த நூலின் ஒரு இழை உள்ளே போனால் ஒரு சிப் அடைபட்டுச் சூடேறும். மரை இணைப்பே வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை ஆர்கான் வெல்டிங் செய்யுங்கள். ஜிஐ குழாயும் அலுமினியமும் அந்தச் சுற்றுக்குள் வரவே கூடாது. சர்வரை இணைக்கும் முன்பு பல நாள் வெறும் சுற்றாக ஓட்டி, ஃபில்டரைத் திறந்து பார்த்து, ஒன்றும் சிக்கவில்லை என்ற பிறகே சர்வர்களுக்குத் திரவத்தைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டைத் திறக்க வேண்டும். ரேக் வந்து வாசலில் நிற்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்ற அவசரத்துக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் இணங்காதீர்கள்.

அப்ப தண்ணி நிறையச் செலவாகுமுங்களா? எங்க ஊர்ல ஆயிரம் அடி போர் போட்டும் உப்புத் தண்ணிதான் வருதுங்க.

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். உள்சுற்றில் ஓடும் திரவம் செலவாவதில்லை, அது திரும்பத் திரும்பச் சுற்றும். செலவாவது கூலிங் டவரில் ஆவியாகும் தண்ணீர். 1 மெகாவாட் சூட்டை முழுக்க ஆவியாக்கியே வெளியேற்றினால் நாளுக்குச் சுமார் 35,000 லிட்டர் காற்றில் போய்விடும். 12,000 லிட்டர் டேங்கரில் மூன்று லோடு. இது தவிர, உப்பு அடர்ந்த மிச்சத் தண்ணீரை அவ்வப்போது வெளியே விட வேண்டும். நம் போர் தண்ணீர் கடினம் என்பதால் அந்த மிச்சமும் கூடுதலாகவே இருக்கும். அதை எங்கே விடுவீர்கள்?

நொய்யல் கரையில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி விவசாயம் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதன் பிறகு துளி கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பைக் கட்டிக்கொண்டு தொழில் மீண்டதும் நாம் பார்த்தவை. புதிதாக வருகிற தொழில் அதே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

நல்ல செய்தி, ஏஐ சிப்புகளுக்கு ஜில்லென்ற தண்ணீர் தேவையில்லை. பழைய சர்வர் அறைக்கு 18 முதல் 27 டிகிரிக் காற்று வேண்டும் என்று ஏஷ்ரே என்ற அமெரிக்க அமைப்பு வழிகாட்டுகிறது. கோல்டு பிளேட்டுக்கு 40 டிகிரி, 45 டிகிரித் தண்ணீரே போகலாம் என்று அதே அமைப்பு டபிள்யூ40, டபிள்யூ45 என வகுப்புகள் வைத்திருக்கிறது. 40 டிகிரித் தண்ணீர் போதும் என்றால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கோவையில் வருடத்தின் பெரும்பகுதி சில்லரும் (தண்ணீரை ஜில்லென்று ஆக்கும் மெஷின்) வேண்டாம், கூலிங் டவரும் வேண்டாம். ரேடியேட்டர் மாதிரி ஃபேன் வைத்த ட்ரை கூலரே போதும். தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய இல்லை. ஏப்ரல், மே மதியங்களுக்கு மட்டும் ஒரு சிறிய சில்லரைத் துணைக்கு வையுங்கள். ட்ரை கூலருக்கு இடம் அதிகம் வேண்டும், ஃபேன் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் எடுக்கும். கொங்கு நாட்டில் அந்த விலையைக் கொடுக்கலாம், தண்ணீரைக் கொடுக்க முடியாது.

சர்வர் வாங்கும்போதே எத்தனை டிகிரித் தண்ணீருக்கு உத்தரவாதம் தருகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவர்கள் 25 என்று சொல்லிவிட்டால் மேலே சொன்ன கணக்கு முழுதும் மாறிவிடும்.

கரண்டு விஷயம் எப்படிங்க? மில்லுக்கு ஏற்கெனவே ஹெச்.டி. லைன் இருக்குது.

பெரிய வசதி. 120 கிலோவாட் ரேக் இரண்டு வந்தாலே எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்புக்குள் அடங்காது. மில்லின் டிரான்ஸ்ஃபார்மரில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும்போது, இந்த லோடு இருபத்துநாலு மணி நேரமும் முழு அளவில் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு ரேக் மட்டும் நாளுக்கு 2,880 யூனிட். குளிரூட்டல் முதலிய மற்றச் செலவுகளைச் சேர்த்த மொத்த மின்சாரத்தைச் சர்வர் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்துப் பியுஇ என்று ஒரு விகிதம் சொல்வார்கள். அது 1.5 என்றால் 4,320 யூனிட், 1.2 என்றால் 3,456. நாளுக்கு 864 யூனிட் வித்தியாசம். ட்ரை கூலருக்குப் போட்ட பணம் இங்கேதான் திரும்பி வரும்.

மில் லோடுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஆட்டம். மாடலுக்குப் பயிற்சி ஓடும்போது எல்லா சிப்பும் சேர்ந்தாற்போலக் கணக்குப் போடும், பிறகு சேர்ந்தாற்போல விடைக்குக் காத்திருக்கும். மின்சாரம் நொடியின் சிறு பங்குக்குள் விழுந்து எழும். மெட்டா நிறுவனம் 16,384 ஹெச்100 சிப்களில் லாமா 3 மாடலைப் பயிற்றுவித்தபோது, இந்த அளவில் வளாகத்தின் மின்தேவை பத்துப் பத்து மெகாவாட்டாகத் திடீரென ஏறி இறங்குகிறது என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் இரண்டு ரேக்கால் கிரிட்டுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் ஜெனரேட்டருக்கு ஆகும். இன்ஜின் வேகத்தைச் சீராக்கும் கவர்னர் அந்த ஆட்டத்தின் பின்னாலேயே ஓடி வேகம் தடுமாறும். லோடு குறையும்போது சர்வரின் பவர் ஃபேக்டர் லீடிங் பக்கம் (கரண்ட் வோல்டேஜை முந்தும் நிலை) போகும், பழைய ஆல்டர்னேட்டர் அதில் ட்ரிப் ஆகும். மில்லில் இருக்கும் கெப்பாசிட்டர் பேங்கையே இதற்கும் சேர்த்துவிட்டால் இன்னும் மோசம். ஏஐ லோடுக்குத் தனி ஃபீடர், ஹார்மோனிக் (மின் அலையின் சிதைவு) அளந்து பார்த்த பிறகு அதற்கான ஃபில்டர், இதுதான் ஒழுங்கு.

கரண்ட் போச்சுன்னா?

இரண்டு வேலையைப் பிரித்துப் பாருங்கள். பயிற்சி வேலை நின்றால் பெரிய நஷ்டமில்லை. அவ்வப்போது நிலையைச் சேமித்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லாமா 3 பயிற்சியில் 54 நாளில் எதிர்பாராத நிறுத்தங்கள் மட்டும் 419. அதற்குத் தயாராகத்தான் மென்பொருளையே எழுதினார்கள். ஆகவே பயிற்சிக்கு மட்டும் உள்ள ரேக்குக்கு இரட்டை யுபிஎஸ், இரட்டை ஜெனரேட்டர் என்று பணத்தைக் கொட்டாதீர்கள். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சர்வர் என்றால் பழையபடி எல்லாம் வேண்டும்.

சிடியு பம்பு மட்டும் எந்த நிலையிலும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஏசி நின்றால் பழைய அறை சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். கோல்டு பிளேட்டில் ஓட்டம் நின்றால் சில நொடிகளிலேயே சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு தானே அணைந்துவிடும். சர்வருக்கு யுபிஎஸ் கொடுத்துப் பம்பை ஜெனரேட்டரில் விட்ட வரைபடங்களை இன்னும் பார்க்கிறேன்.

லித்தியம் பேட்டரி வைப்பவர்கள் அதைச் சர்வர் அறையிலிருந்து தீத்தடுப்புச் சுவர் வைத்துப் பிரியுங்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் யுபிஎஸ் பேட்டரியில் பிடித்த தீ, 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகளை நிறுத்தியது.

மூடிக் கெடக்கற ஸ்பின்னிங் மில் கட்டடம் ஒண்ணு இருக்குதுங்க. அதை மாத்தலாமா?

தரை நன்று. ரிங் ஃபிரேம் நின்ற கான்கிரீட் தரை, பெரும்பாலும் தரைத்தளமே, 1.3 டன் ரேக்கைத் தாங்கும். இரும்புக் கால் வைத்த உயர்தளத்தை விட இது நல்லது. பழைய ஹெச்.டி. யார்டு, டக்ட் பாதை, லாரி வந்து திரும்பும் இடம் எல்லாம் உண்டு.

கூரை மோசம். வடக்கு வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடிச் சரிவுக் கூரை வெயிலையும் தூசியையும் மழையையும் உள்ளே விடும். மொத்த ஷெட்டையும் குளிர்விக்க முயலாமல், உள்ளே இன்சுலேட்டட் பேனலால் தனி அறை கட்டுங்கள். அதற்கு முன்பு, பல வருடப் பஞ்சுத் தூசியை ட்ரெஞ்ச், டக்ட், கூரைச் சட்டம் வரை எடுத்தாக வேண்டும். பக்கத்து ஷெட்டில் மில் இன்னும் ஓடுகிறது என்றால் அறைக்குள் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வைத்து, வடிகட்டிய காற்று மட்டும் உள்ளே வரும்படி செய்யுங்கள்.

சாயப்பட்டறைப் பக்கத்துல வெக்கலாமுங்களா? சூட்டுத் தண்ணியை அவிங்க எடுத்துக்குவாங்கல்ல?

யோசனை அருமை. ஒரு 120 கிலோவாட் ரேக்கிலிருந்து திரவத்தில் வரும் 100 கிலோவாட்டை வைத்து மணிக்கு 5,700 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடேற்றலாம். 28 டிகிரியில் வரும் ஆர்ஓ தண்ணீர் 43 டிகிரியில் சாய மெஷினுக்கோ பாய்லருக்கோ போனால், அந்த அளவுக்கு விறகு மிச்சம். இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தால் மட்டுமே இது கட்டுப்படியாகும். கிலோமீட்டர் கணக்கில் குழாய் போட்டால் ஆகாது. தீபாவளி, பொங்கலுக்குப் பட்டறை மூடும்போதும் ரேக் சூடு கக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் ட்ரை கூலரையும் முழு அளவில் வைத்தாக வேண்டும்.

காற்றுதான் சிக்கல். பிளீச்சிங், ஆசிட் ஆவி செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். அறை கட்டும் முன்பு செம்பு, வெள்ளித் துண்டுகளை ஒரு மாதம் அந்த இடத்தில் தொங்கவிட்டு ஆய்வுக்கூடத்தில் அளந்து பாருங்கள். அரிப்புப் படலம் மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்ற எல்லைக்குள் இருந்தால் சரி. தாண்டினால் கார்பன் ஃபில்டர் போடுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள்.

எங்களுக்குக் காத்தாடி இருக்குதுங்க, பல்லடத்துல. அதுலயே ஓட்டிக்கலாமா?

ஓரளவு. காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை நன்றாக ஓடும், மற்ற மாதங்களில் சோர்ந்துவிடும். ரேக்குக்குப் பருவம் கிடையாது. பயிற்சி வேலைகளைக் காற்றடி காலத்துக்கும், பீக் ஹவர் தவிர்த்த நேரத்துக்கும் ஒதுக்கி வைக்கலாம் என்பது உண்மையான ஆதாயம். சட்டீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் நேர்மின் (டிசி) தடம் நம் வட்டாரத்திலேயே வந்து இறங்குகிறது என்பதும் இங்கே தொழில் நடத்துபவர்களுக்குப் பலம்தான்.

சென்னையிலயே வாடகைக்கு எடுத்துக்கறது லாபமில்லீங்களா?

பலருக்கு அதுதான் லாபம். கோவைக்கும் சென்னைக்கும் 500 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி போய்வர ஆகும் நேரம் 5 மில்லிநொடி, நெட்வொர்க் சுற்றுப்பாதை சேர்த்தாலும் மனிதர் உணரும் தாமதமில்லை. வருடத்தில் சில வாரம் மட்டும் பயிற்சி ஓட்டுபவர்கள் சொந்த ரேக் வாங்கவே கூடாது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 10,371.92 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த இந்தியா ஏஐ மிஷனில் மானிய விலையில் ஜிபியு நேரம் கிடைக்கிறது, கல்லூரிகளும் ஸ்டார்ட்அப்களும் அதை முதலில் கேட்டுப் பார்க்கட்டும். தறி ஓடும் இடத்திலேயே கேமரா முடிவெடுக்க வேண்டும், லைன் போனாலும் நிற்கக் கூடாது என்றால் சின்ன சர்வர் உள்ளூரில் இருக்கட்டும். எந்நேரமும் ஜிபியுவை முழுதாக ஓட்டும் அளவுக்கு வேலை கையில் இருப்பவர்களே மேலே சொன்ன பிளான்ட்டைக் கட்ட வேண்டியவர்கள்.

நடத்தறதுக்கு ஆள் எங்கீங்க போறது?

மில் ஹியூமிடிஃபிகேஷன் பார்த்த ஏசி மெக்கானிக், ஃபர்னஸ் பார்த்த எலக்ட்ரீசியன், ஆர்ஓ பிளான்ட் ஓட்டிய கெமிஸ்ட். இந்த மூவரோடு லினக்ஸ் தெரிந்த ஒருவர். திரவத்தின் பிஹெச், கண்டக்டிவிட்டி, ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் ஆகியவற்றை ஷிஃப்டுக்கு ஒரு முறை எழுத ஒரு ரிஜிஸ்டர். சிப் சூடு ஏறுவதை ஐடி ஆள் திரையில் பார்க்கும் அதே நேரம், அழுத்தம் ஏறுவதை மெக்கானிக் கேஜில் பார்த்திருப்பார். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார வேண்டும், ஒரே மேலாளருக்குக் கீழே. தனித்தனித் துறையாக வைத்த இடங்களில் ஒரு சின்ன ஃபில்டர் மாற்றத்துக்குக்கூட மூன்று மெயில் போகிறது.

இப்ப கட்டறது அஞ்சு வருசம் தாங்குமுங்களா?

சர்வர் தாங்காது, கட்டடம் தாங்க வேண்டும். ஒரே ரேக்கில் 600 கிலோவாட் என்ற வடிவத்தை என்விடியா 2025இல் அறிவித்துவிட்டது, அதற்காக 800 வோல்ட் நேர்மின் விநியோகமும் வருகிறது. இப்போதே அதை வாங்கிப் போட வேண்டியதில்லை. மெயின் பைப்பை மட்டும் இன்றைய தேவையைவிட இரண்டு சைஸ் பெரிதாகப் போட்டு, நடுநடுவே வால்வு வைத்து மூடிய கிளைகள் விடுங்கள். இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு யார்டில் பீடம் கட்டி வையுங்கள். ட்ரை கூலருக்கு இன்னொரு வரிசை நிற்கும் அளவு இடத்தை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.